சுவரீரவியல்

மாணாக்க, கேள். சுவர் நனைந்திருக்கிறது என்று சொல்வது கல்லாதார் வழக்கு. கற்றார் நான்கு கேட்பர்: எவ்வழி நனைந்தது, எத்துணைத் தீங்கு பயக்கும், எத்தனை நாளில் உலர்த்தற்குரியது, எவர் செலவில் உலர்த்தற்குரியது. இவை அறியாமல் துணியெடுத்துத் துடைப்பவர் ஈரத்தைப் போக்குவாரேயன்றி அறிவாரல்லர். இங்கிலாந்து நாட்டு மனைகளின் ஈரத்தையும், அதன்பொருட்டு அந்நாட்டு அரசு வகுத்த பாகுபாடுகளையும் முறைப்பட உரைப்பது இந்நூல்.

அற்றேல், இங்கிலாந்தை எடுத்துக்கொண்டது என்னை எனின்: ஈரம் எங்கும் உண்டு, ஈரத்திற்கு எண்ணிட்டுப் பட்டியலில் வைத்த நாடு அரிது. மேலும், அங்குள்ள வீடுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919-க்கு முன் கட்டப்பட்டது. அவற்றுட் பலவற்றின் சுவரில் காற்றிடை கிடையாது. வெளிக்குளிர் நேரே உள்ளே வரும். குளிர்காலம் நெடிது. சாளரம் திறப்பார் சிலர். ஆய்பொருளுக்குக் குறைவில்லை.

மனை இருவகை: குமுகமனை, தனியர்மனை. உள்ளூர் மன்றமோ, ஊதியம் நோக்கா வீட்டுக்கழகமோ குறைந்த குடிக்கூலிக்கு விடுவது குமுகமனை. மனைக்கிழார் ஒருவர் சந்தை விலைக்கு விடுவது தனியர்மனை. தன் வீட்டில் தானே இருப்பாரும் உளரே எனின், அவர் ஈரம் அவரோடே ஒழியும். ஈண்டு அதற்கு இடமில்லை.

முதலாவது, வழிவகை

ஈரம் புகும் வழி மூன்று.

ஒன்று, ஏறீரம். நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளை பற்றி மேலேறுவது. ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி, அங்கே வெள்ளை உப்புக்கோடு ஒன்று இழுத்துவிட்டு நிற்கும். இதன் பெயரையே தலைப்பாகக் கொண்ட நகைச்சுவைத் தொடர் 1974 முதல் 1978 வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. கஞ்ச மனைக்கிழார் ஒருவரும் அவர் வீட்டில் அறையெடுத்துத் தங்கினோரும் அதன் மாந்தர். மூவகை ஈரத்துள் கூத்துச் சான்று உடையது இஃதொன்றே.

இரண்டு, ஊடீரம். கூரை ஓடு பெயர்ந்தோ, மழைநீர்த் தூம்பு அடைத்தோ, கல்லிடைச் சாந்து உதிர்ந்தோ புறத்தே இருந்து புகுவது. மழைக்குப் பின் பெருகும், வெயிலில் ஒடுங்கும். ஏணி வைத்தால் கரணியம் கண்ணுக்குத் தெரியும். ஆதலின் புலமைக்கு வேலை சிறிது.

மூன்று, வியரீரம். இந்நூலின் உயிர்நிலை இதுவே. அறைக்காற்றில் கலந்த நீராவி, குளிர்ந்த சுவரைத் தொட்டவிடத்து நீராய்ப் படிவது. நிலம் தரவில்லை, மழை தரவில்லை, குடியிருப்பாரே தந்தார். அவர் கொதிக்கவைத்த கலயமும், குளித்த வெந்நீரும், உலர்த்திய துணியும், விட்ட மூச்சும் சுவரில் திரும்பி வந்து நிற்கின்றன. இதன்மேல் வளரும் பூசணம், தோன்றும் இடம்பற்றி நால்வகைப்படும்.

அவற்றுள் மூலைக்கருமையைப் படுக்கையறையில் வெளிச்சுவர் இரண்டு கூடும் இடத்தில் காண்க. முதலில் மிளகுத்தூள் சிந்தியது போலப் புள்ளிகள். பின்பு புள்ளியோடு புள்ளி தொட்டு வளையமாகும். சுவர்த்தாளின் ஓரம் சுருண்டு எழும். விரலால் நெம்பினால் உள்ளே பழுத்த பசையும், அதனினும் கரிய ஓர் அடுக்கும் தெரியும். வெளுப்புநீர் தொட்டுத் துடைத்தால் அன்று மாலை சுவர் வெண்மை. சில கிழமை கழித்து, அதே மூலையில், அதே உயரத்தில் மீண்டும் புள்ளி. இடந்தவறாமை இதன் சிறப்பியல்பு.

பேழைப்புறக்கருமை, உடைப்பேழைக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாத சுவரில் விளைவது. பெரும்பாலும் வீடு மாறும் நாளில்தான் கண்டுபிடிக்கப்படும். ஆதலின் இதன் அகவையை எவரும் அறியார். பேழைக்குள் தொங்கும் குளிர்காலச் சட்டைகளின் முதுகுப்புறம் முன்னரே அறிந்திருக்கும். சாளரத்தின் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே கோடாக ஓடுவது விளிம்புக்கருமை. குளியறை மேற்புறத்தது கூரைக்கருமை. காற்றுவெளியேற்றி ஓடாத வீட்டில் இது நடு மேற்கூரை வரை வரும். அடுக்களைக் கருமை என ஐந்தாவது கொள்வாரும் உளர். அது பெரும்பாலும் எண்ணெய்ப் புகை, கொள்ளற்க.

இரண்டாவது, வினைவகை

இனி, ஈரம் எவர் வினை என்பது. இதுவே செலவு எவர்க்கு என்பதையும் முடிவு செய்யும். ஆகவே, வழிவகையைக் கற்பிப்போரைவிட இவ்வகையைக் கற்பிப்போர்க்கு ஊதியம் மிகுதி.

1985-ஆம் ஆண்டின் மனைக்கிழார் குடியிருப்பாளர் சட்டம், அதன் பதினோராம் பிரிவில், வீட்டின் கட்டுமானத்தையும் வெளிப்புறத்தையும் செப்பனிடும் கடமையை மனைக்கிழார் தலையில் வைத்தது. தூம்பு அடைத்தால் அவர் எடுப்பார். ஓடு பெயர்ந்தால் அவர் வேய்வார். எனவே ஊடீரம் அவர் வினை. ஐயமில்லை.

வியரீரமோ எனின், 1980-களின் நடுவில் வேல்சு நாட்டு டாஃப் எலை மன்றத்தின் குமுகமனை ஒன்றுபற்றி எழுந்த வழக்கை நோக்குக. இரு நாட்டுக்கும் அன்று சட்டம் ஒன்றே. அவ்வீட்டின் சாளரங்கள் மாழைச் சட்டத்தால் ஆனவை. குளிர் அச்சட்டத்தின் வழியே உள்ளே வந்தது, வீடெங்கும் வியரீரம், படுக்கையும் உடையும் மட்கின. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. சாளரம் உடைந்ததா? இல்லை. கட்டிய நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருக்கிறது. உடையாததைச் செப்பனிடுதல் இயலாது. செப்பனிட இயலாததைச் செப்பனிடும் கடமையும் இல்லை. மாணாக்க, இத்தீர்ப்பின் அழகை உற்றுநோக்குக: தொடக்கம் முதலே தீங்காய் அமைந்த பொருள் ஒருநாளும் கெடுவதில்லை. இதனை யாம் பிறவிப்பழுதின் பழுதின்மை என்போம்.

இத்தீர்ப்பின் வழிவந்த நூலே துண்டறிக்கை. வியரீரம்பற்றி முறையிட்டார் கையில் மன்றமோ கழகமோ கொடுப்பது. அதன் நூற்பாக்கள் நாடெங்கும் ஒத்த நடையின: கலயத்தை மூடிச் சமைக்க, வீட்டினுள் துணி உலர்த்தற்க, சாளரம் திறந்து வைக்க, வீட்டைச் சூடாக வைக்க, பேழைக்கும் சுவருக்கும் இடைவெளி விடுக. மூன்றாவதும் நான்காவதும் ஒரே இரவில் இயலுமோ எனின், அஃது உரைகாரர் தீர்க்க வேண்டிய முரண்; துண்டறிக்கைக்கு உரை எழுதப்படவில்லை.

துண்டறிக்கையின் கொள்கைப்படி குடியிருப்பார் நால்வகையர்: சமைப்பார், குளிப்பார், துவைப்பார், உறங்குவார். இந்நான்கும் செய்யாதவரே அவ்வீட்டிற்கு உரிய குடியிருப்பார். இக்கொள்கைக்கு வாழ்முறைக் கோட்பாடு என்று பெயர். 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் மனைக்குறை கேட்பாளர் ஈரமும் பூசணமும்பற்றி அறிக்கையொன்று வெளியிட்டார். இது வாழ்முறை அன்று என்பதனை அதன் தலைப்பிலேயே வைத்தார். ஒரு கோட்பாட்டைத் தலைப்பிலேயே மறுக்கும் நூல் அரிது. அது வேரூன்றியிருந்த ஆழத்தை இதனால் அளந்துகொள்க.

மூன்றாவது, தீங்குவகை

2004-ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டம் தந்து, 2006 முதல் வழங்கிவரும் பாகுபாடு இது. வீட்டினுள் மாந்தர்க்கு நேரும் இடர் 29 என அது எண்ணிற்று. கடுங்குளிர் அதனுள் ஒன்று. படியில் வீழ்தல் ஒன்று. சமதளத்தில் வீழ்தல் வேறொன்று. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றில் வீழ்தல் பிறிதொன்று. குளியல் தொட்டியில் வீழ்தல் இன்னொன்று. வீழ்ச்சியை நான்காகப் பகுத்த ஆசான் எவரோ, அவரை வணங்குதும். 29-இலும் தலைநின்றது ஈரமும் பூசணமும்.

தீங்கின் தரம் நான்கு. ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. கொடுந்தீங்குக்கு 10,000. கடுந்தீங்குக்கு 1,000. பெருந்தீங்குக்கு 300. நடுத்தரத் தீங்குக்கு 10. அடுத்த 12 திங்களில் தீங்கு நேரும் வாய்ப்பையும், நேர்ந்தால் எத்தரத்தது என்னும் விழுக்காட்டையும் ஆய்வாளர் மதிப்பிட்டு, எடையோடு பெருக்கிக் கூட்டுவார். வரும் தொகை பத்துப் பட்டைகளுள் ஒன்றில் விழும். 1,000-உம் அதற்கு மேலும் முதலினம், கீழ்ப்பட்டது இரண்டாமினம்.

ஒரு பயிற்சிக் கணக்கு. மூலைக்கருமை படர்ந்த வீடொன்று கொள்க. தீங்கு நேரின் கொடுந்தரத்தது இல்லை. கடுந்தரம் 1 விழுக்காடு, பெருந்தரம் 10, நடுத்தரம் 89 என்க. வாய்ப்பு நூற்றில் ஒன்றாயின், 10-உம் 30-உம் 8.9-உம் கூடி 48.9. எட்டாம் பட்டை. இனி வாய்ப்பை ஆறில் ஒன்றாக உயர்த்துக. அஃதாவது, அத்தகைய வீட்டில் வாழும் சிறார் அறுவருள் ஒருவர் ஓராண்டுக்குள் மருத்துவரிடம் போக நேரும் என்க. தொகை 815. நான்காம் பட்டை, இன்னும் இரண்டாமினமே.

இனம்பற்றி வினைமுற்று மாறும். முதலினத்து இடர் கண்டால் மன்றம் செயற்பட வேண்டும். இரண்டாமினமாயின் செயற்படலாம். 815-க்கும் 1,000-க்கும் இடையே கிடப்பது 185 அன்று, ஒரு விகுதி.

இன்னும் இரு நுட்பம் உள. ஈரத்தால் எளிதில் நலிவார் 14 அகவை வரையுள்ளோர் என இப்பாகுபாடு கொள்ளும். அவ்வீட்டில் சிறார் இல்லையாயினும், அன்றி வீடே ஆளற்றுக் கிடப்பினும், சிறார் இருப்பதாகவே எண்ணிக் கணக்கிடுக. இல்லாத குழந்தைக்கும் இடர் கணித்தல் இதன் சால்பு. யாம் இதனை மனமார ஏற்கிறோம். மற்றொன்று, மன்றம் தனியர்மனையின் கிழாருக்கு ஓலை விடுக்கும்; வீட்டுக்கழகத்துக்கும் விடுக்கும். தனக்குச் சொந்தமான குமுகமனையில் அதே இடரைக் கண்டால், தனக்குத் தானே ஓலை விடுக்க இயலாது. தன்னைத் தான் ஒறுத்தல் துறவியர்க்கு இயல்பு. மன்றங்களுக்குச் சட்டத்தில் வழியில்லை.

நான்காவது, தகுதிவகை

இது சிறிது. 2000-ஆம் ஆண்டில் அரசு தகுமனை வரையறை என ஒன்று கொண்டது; 2010-க்குள் குமுகமனை எல்லாம் அதனை எய்த வேண்டும் என்றது. தகுமனைக்கு உறுப்பு நான்கு: சட்டம் கூறும் கீழ்வரம்பை எய்தல், ஓரளவு செப்பமாதல், ஓரளவு புதுமையாதல், ஓரளவு வெப்பமாதல். 'ஓரளவு' மும்முறை வந்தது காண்க.

புதுமை என்பதை மட்டும் விரிப்பாம். 20 ஆண்டுக்குட்பட்ட அடுக்களை புதியது. 30 ஆண்டுக்குட்பட்ட குளியறை புதியது. அடுக்களையின் இடவமைப்பு, குளியறையும் கழிப்பறையும் அமைந்த இடம், வெளியொலி தடுத்தல், அடுக்குமனையின் பொதுவிடம் எனப் பிற நான்கு. இவ்வாறனுள் மூன்று குறைந்தாலன்றி வீடு தகுதி இழவாது. எனவே 21 ஆண்டு அடுக்களையும் 31 ஆண்டுக் குளியறையும் உடைய வீடு, ஏனைய நான்கும் குறைவின்றி அமையின், புதுமனையே. இவ்வரையறை தனியர்மனையைத் தொட்டதில்லை. 2025-இல் அரசு, புதிய வரையறையை இருவகை மனைக்கும் கொண்டுவருவதாகச் சொல்லி, கெடு 2035 ஆகலாமா 2037 ஆகலாமா என்று கருத்துக் கேட்டது. கெடு எதுவாயினும் பூசணம் ஆயத்தமாக இருக்கும்.

இங்கே அருகிப்போன ஓரினம்பற்றிச் சொல்லாமல் விடுதல் தகாது. விடப்படும் வீடு மாந்தர் வாழத் தக்கதாக இருக்க வேண்டும் என்னும் கட்டளை அந்நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் அது பொருந்துவதற்குக் குடிக்கூலி வரம்பு ஒன்று இருந்தது: இலண்டனில் ஆண்டுக்கு 80 பவுன், ஏனை இடங்களில் 52 பவுன். திங்களுக்கு அன்று; ஆண்டுக்கு. 1957-இல் வைத்த இவ்வரம்பு 1985-ஆம் ஆண்டின் சட்டத்திலும் மாறாமல் ஏறியது. 2018-இல் இயற்றிய சட்டம் 2019 மார்ச்சு 20 அன்று நடப்புக்கு வரும் வரையில் அப்படியே இருந்தது. ஆண்டுக்கு 80 பவுனுக்கு இலண்டனில் வீடு கிடைக்குமாயின், அவ்வீடு வாழத் தக்கதாக இருந்தே தீர வேண்டும். இவ்வெண்பது பவுன் மனையை எவரும் கண்டாரில்லை. எனினும் காணப்படாத உயிரினம் ஒன்றுக்கு அத்தனை ஆண்டு சட்டக் காப்பு நீங்காதிருந்தது. புலி, யானை ஆகியவற்றுக்குக்கூட அது வாய்த்ததில்லை.

ஐந்தாவது, காலவகை

2020 திசம்பரில், இராச்டேல் நகரின் குமுகமனை ஒன்றில் வாழ்ந்த அவாபு இசாக்கு என்னும் இரண்டு அகவைக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூசணத்தை நெடுநாள் மூச்சில் ஏற்றதால் வந்த மூச்சுறுப்பு நோயே கரணியம் என 2022 நவம்பரில் இறப்பு உசாவல் முடிவு கூறிற்று. தந்தை 2017-இலேயே பூசணத்தை அறிவித்திருந்தார். அதன்மேல் பூச்சு அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இவ்விடத்துப் பாகுபாடு இல்லை, மேலே செல்க.

அக்குழந்தையின் பெயரால் வந்தது, 2023-ஆம் ஆண்டின் குமுகமனைச் சட்டத்துள் ஒரு பிரிவு. 2025 அக்டோபர் 27 முதல் குமுகமனைகளில் வழங்குகிறது. இது ஈரத்தை வழியாலோ வினையாலோ பகுக்காது நாளாற் பகுப்பது. உடனிடர் ஆயின் 24 மணி நேரத்துள் கண்டு, தீங்கு நீக்குக. குறிப்பிடத்தக்க ஈரமும் பூசணமும் ஆயின் 10 வேலைநாளுள் ஆராய்க. ஆராய்ந்து முடித்த 3 வேலைநாளுள் கண்டதை எழுதிக் கொடுக்க. 5 வேலைநாளுள் தீங்கற்றதாக்குக. மேலும் வேண்டும் பணியை அதே 5 நாளுள் தொடங்குக; இயலாதாயின் நீட்டித்தாலும் 12 கிழமைக்குள் கைவைத்தாக வேண்டும். வீட்டைத் தீங்கற்றதாக்க முடியாதெனின், குடியிருப்பாரை வேறிடத்தில் தங்கவைக்க.

துண்டறிக்கை மரபில் பயின்ற மூத்தோர் சிலர்க்கு இப்பாகுபாடு சுவைக்கவில்லை. ஈரத்தின் வழியை அறுதியிடாமல் உலர்த்தப் புகுதல் முறையன்று என்பது அவர் உள்ளக் கிடக்கை. யாம் புதியோர் பக்கம் நிற்கிறோம். நாட்காட்டி எவர் வீட்டுச் சுவரிலும் தொங்கும். எண்ணுதற்குப் புலமை வேண்டா.

தனியர்மனைக்குக் காலவகை இன்னும் வரவில்லை. 2025-ஆம் ஆண்டின் குடியிருப்பாளர் உரிமைச் சட்டம் அதற்கு வழி மட்டும் திறந்திருக்கிறது. தனியர்மனைக்கென்று வேறொரு காலக்கணக்கு முன்பே இருந்தது. 1988-ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்து 21-ஆம் பிரிவின்படி, கரணியம் ஏதும் காட்டாமல், இரண்டு திங்கள் கெடுவில் மனைக்கிழார் வெளியேற்றோலை கொடுக்கலாம் என்றிருந்தது. பேழைப்புறக்கருமையைப் பேசாமல் வைத்திருந்தார்க்கு ஓலை வந்தது குறைவு. அதனைப் படமெடுத்து மன்றத்துக்கு அனுப்பினார்க்கு வந்தது மிகுதி. ஈரத்தைச் சொன்னவர் போக, ஈரம் தங்கிற்று. புதிதாய் வந்தார் அதன்முன் தம் பேழையை நிறுத்தினர். 2015-இல் இவ்வகை ஓலைக்கு ஒரு தளை இட்டார்கள். புதிய சட்டத்தின்வழி அப்பிரிவே நீங்கும் நாள் 2026 மே 1.

புறனடை

மேற்கூறிய ஐவகையுள்ளும் அடங்காதது ஒன்று உண்டு. 1980-ஆம் ஆண்டின் சட்டம் குமுகமனையில் வாழ்வார் அதனைத் தள்ளுவிலைக்கு வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. வாங்கியவர் பலர், பின்னர் விற்றவர் பலர், விற்றதை வாங்கியவருள் மனைக்கிழார் பலர். எனவே ஒரே நாளில் ஒரே கொத்தனார் கட்டிய அடுக்குமனையில், இடப்புற வீடு இன்றும் குமுகமனை. வலப்புற வீடு தனியர்மனை. நடுவே ஒரே சுவர். கூரைத் தூம்பொன்று வெடித்து அச்சுவரின் இருமுகத்திலும் பூசணம் பூத்தது என்க. இடமுகத்துக்கு 10 வேலைநாள். வலமுகத்துக்கு நாட்கணக்கு இல்லை. மன்றத்து ஆய்வாளர் வரும் வரை காத்திருந்து, 29-உள் முதலாவது இடர் எனக் கொண்டு, எடையும் விழுக்காடும் பெருக்கி, எப்பட்டை என்று காண்க.

இடமுகம் உலர்ந்தபின் வலமுகத்திலிருந்து ஈரம் ஊடுருவி மீளுமாயின், அது ஊடீரமா, பக்கத்து வீட்டார் வாழ்முறையா என்பாரும், புதிய இடரெனக் கொண்டு நாளை முதலிலிருந்து எண்ணுக என்பாரும் என இருபாலார் தோன்றுவர். செங்கல்லின் நடுவே, எந்த முகத்தையும் சேராது நிற்கும் ஈரத்தை இடைச்சுவரீரம் என்க. அதன் வகை ஒன்பது. விரிப்பின் பெருகும், இடைச்சுவரியல் என்னும் தனிநூலுள் உரைப்பாம்.